ஷாஃப்டுக்கும் கியருக்கும் கீ தேர்ந்தெடுப்பது: பட்டறைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோவையில் ஒரு ஃபவுண்டரிக்கு மணல் கலக்கும் மெஷின் ஒன்றைப் பராமரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 5 எச்பி மோட்டார், அதற்கு ஒரு கியர்பாக்ஸ், கியர்பாக்ஸின் 40 மி.மீ. ஷாஃப்டில் ஒரு கியர். ஷாஃப்டும் கியரும் சேர்ந்து சுற்ற இரண்டுக்கும் இடையில் வைக்கும் சிறு இரும்புத் துண்டுதான் கீ, அது அமரும் பள்ளம் கீவே. அந்தக் கியரில் இந்த இணைப்பு நான்கு மாதத்தில் மூன்று முறை போனது. முதல் முறை எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், அதாவது சாதா இரும்பு) பட்டையை அரத்தால் ராவிப் போட்டேன். இரண்டாம் முறை அதைவிடப் பலமான ஈஎன்8 எஃகு போட்டேன். மூன்றாம் முறை, "இனி எப்படி நசுங்கும் பார்ப்போம்" என்று கடினப்படுத்திய ஈஎன்24 கீயையே இறக்கினேன். கீ நசுங்கவில்லை. ஷாஃப்டில் இருந்த கீவே பிளந்து அகன்றுவிட்டது. கை நிறையக்கூட வராத ஒரு இரும்புத் துண்டுக்காக ஷாஃப்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

கீயின் பலத்தில் குறை இருக்கவில்லை. அகலத்தின் இறுக்கத்தையும் கீ பற்றும் நீளத்தையும் நான் பார்க்காமல் விட்டதுதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆயிற்று. உங்களுக்கு ஒரு மதியம் போதும்.

1. பழைய கீயை அளக்காதீர்கள், ஷாஃப்டை அளங்கள்

கீ போய்விட்டது என்றதும் எல்லோரும் செய்வது, நசுங்கிய துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு ஓடுவது. அந்தத் துண்டு ஏற்கெனவே யாரோ ராவியதாக இருக்கலாம். தேய்ந்தும் இருக்கும். ஷாஃப்டின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் எடுங்கள். கீவேயின் அகலத்தை மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எடுங்கள். மேலே அகன்று அடியில் சரியாக இருந்தால் கீ ஆடியிருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம் மெஷின் எந்த அளவு முறையில் செய்தது என்று பாருங்கள். நம் ஊர்ப் பஞ்சாலைகளிலிருந்து கைமாறி வந்த பழைய பிரிட்டிஷ் மெஷின்கள் இன்னும் ஓடுகின்றன. கீவே அகலம் 6.35 அல்லது 9.53 மி.மீ. என்று வந்தால் அது முறையே 1/4 அங்குலம், 3/8 அங்குலம். 7.94 வந்தால் 5/16 அங்குலம். இந்த 7.94-தான் ஆளை ஏமாற்றும். 8 மி.மீ. கீயைக் கொஞ்சம் ராவினால் உள்ளே போய்விடும், நாமும் 8 என்றே நம்பிவிடுவோம். கியர் பக்கம் புதிதாக 8 மி.மீ. ஸ்லாட் போட்டு வாங்கி வந்தால் ஒரு பக்கம் இறுக்கம், மறுபக்கம் ஆட்டம்.

2. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

கியருக்கு என்றால் பத்தில் ஒன்பது முறை பேரலல் கீதான். மேலும் கீழும் பக்கவாட்டும் இணையாக இருக்கும், பக்கச் சுவர்கள்தான் விசையைக் கடத்தும், மேலே ஒரு சிறு இடைவெளி இருக்கும்.

டேப்பர் கீ நூற்றுக்கு ஒன்று என்ற சரிவில் இருக்கும். அடித்து இறக்கினால் கியரை அச்சுவாட்டிலும் நகராமல் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஆப்பு போல ஒரு பக்கமாகத் தள்ளுவதால் கியரின் மையம் விலகும், பல் சத்தம் போடும், ஒரு பக்கம் மட்டும் தேயும். மெதுவாகச் சுற்றும் பெரிய புல்லிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கியருக்கு வேண்டாம். தலை வைத்த கிப் ஹெட் கீ பிடுங்குவதற்கு வசதி, ஆனால் அந்தத் தலை சுற்றும்போது வேட்டியையும் சட்டைக் கையையும் பிடித்து இழுக்கும். சுற்றும் ஷாஃப்டில் உள்ள கீயையும் செட் ஸ்க்ரூவையும் வெளியே நீட்டாமல் புதைக்க வேண்டும் அல்லது மூட வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 26-வது பிரிவிலேயே எழுதியிருந்தார்கள். கவர் போடாமல் ஓட்டவே கூடாது.

அரைவட்டமாக இருக்கும் வுட்ரஃப் கீ சின்ன ஷாஃப்டுக்கும் சரிவான ஷாஃப்ட் முனைக்கும் நல்லது. பள்ளம் ஆழமாகப் போவதால் ஷாஃப்ட் பலம் குறையும். பாரம் அதிகமுள்ள கியருக்கு அதை எடுக்காதீர்கள்.

3. அகலமும் உயரமும்: அட்டவணை சொல்வதை அப்படியே எடுங்கள்

இதில் சொந்தப் புத்தி தேவையில்லை. பேரலல் கீக்கு இந்தியத் தர எண் ஐஎஸ் 2048. ஜெர்மன் எண் டிஐஎன் 6885, கடைக்காரர்கள் அதிகம் சொல்வது இதைத்தான். ஐஎஸ் ஆவணங்களை இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ் இணையதளத்தில் பதிவு செய்து இறக்கிக்கொள்ளலாம். நான் சுவரில் ஒட்டி வைத்திருப்பது இவ்வளவுதான் (எல்லாம் மி.மீ.):

- ஷாஃப்ட் 17-க்கு மேல் 22 வரை: கீ 6 × 6, ஷாஃப்டில் ஆழம் 3.5, கியரில் 2.8
- 22-க்கு மேல் 30 வரை: 8 × 7, ஷாஃப்டில் 4, கியரில் 3.3
- 30-க்கு மேல் 38 வரை: 10 × 8, ஷாஃப்டில் 5, கியரில் 3.3
- 38-க்கு மேல் 44 வரை: 12 × 8, ஷாஃப்டில் 5, கியரில் 3.3
- 44-க்கு மேல் 50 வரை: 14 × 9, ஷாஃப்டில் 5.5, கியரில் 3.8
- 50-க்கு மேல் 58 வரை: 16 × 10, ஷாஃப்டில் 6, கியரில் 4.3
- 58-க்கு மேல் 65 வரை: 18 × 11, ஷாஃப்டில் 7, கியரில் 4.4

"மேல்", "வரை" இரண்டையும் கவனியுங்கள். சரியாக 30 மி.மீ. ஷாஃப்டுக்கு 8 அகலம், 10 இல்லை. சரியாக 38-க்கு 10 அகலம், 12 இல்லை. இந்த எல்லைக்கோட்டில்தான் தப்பு நடக்கிறது.

ஆழத்தில் இன்னொரு பெரிய பொறி இருக்கிறது. அட்டவணையில் உள்ள ஆழம் ஷாஃப்டின் வட்ட உச்சியிலிருந்து கணக்கிட்டது. பள்ளம் வெட்டியபின் அந்த உச்சி இருக்காது. புதிதாக வரும் பையன்கள் டெப்த் கேஜைப் பள்ளத்தின் ஓரத்தில் வைத்து அளப்பார்கள். 40 மி.மீ. ஷாஃப்டில் 12 அகலப் பள்ளத்தின் ஓரம் உச்சியைவிட சுமார் 0.92 மி.மீ. கீழே இருக்கும். சரியாக 5 மி.மீ. வெட்டியிருந்தாலும் ஓரத்திலிருந்து 4.08 தான் காட்டும். "ஆழம் பத்தவில்லை" என்று இன்னும் ஒரு மி.மீ. வெட்டினால் கீ உள்ளே இறங்கிவிடும், கியர் பக்கம் பிடிக்க 3 மி.மீ.க்குப் பதில் 2 தான் மிஞ்சும். அதனால் பள்ளத்தின் அடியிலிருந்து ஷாஃப்டின் எதிர்ப்பக்கம் வரை அளங்கள். 40 ஷாஃப்டுக்கு அது 35 வர வேண்டும். கியரின் உள்துளையில், பட்டறை மொழியில் போரில், எதிர்ச்சுவரிலிருந்து கீவே கூரை வரை 43.3 வர வேண்டும். ட்ராயிங்கிலும் இந்த 35-ஐயும் 43.3-ஐயும்தான் எழுத வேண்டும்.

4. நீளம்: கணக்குப் போட வேண்டிய ஒரே இடம்

அகலம் அட்டவணையில் கிடைத்துவிடும். நீளம் உங்கள் பாரத்தைப் பொறுத்தது. கணக்கு எளிது. முறுக்குவிசை (நியூட்டன் மீட்டரில்) = 9550 × கிலோவாட் ÷ ஆர்பிஎம்.

என் மெஷினையே எடுத்துக்கொள்வோம். 5 எச்பி என்றால் 3.7 கிலோவாட். மோட்டார் 1440 ஆர்பிஎம், கியர்பாக்ஸ் 15-க்கு 1, ஆக கியர் இருக்கும் ஷாஃப்ட் 96 ஆர்பிஎம். 9550 × 3.7 ÷ 96 போட்டால் 368 நியூட்டன் மீட்டர். அதே மோட்டாரின் சொந்த ஷாஃப்டில் இது வெறும் 24.5 தான். வேகம் குறையக் குறைய கீயின் மேல் பாரம் ஏறுகிறது. மோட்டார் பக்கம் கீ ஏன் போவதே இல்லை, கியர்பாக்ஸ் வெளிப்பக்கம் ஏன் போகிறது என்பதற்கு இதுதான் விடை.

368-ஐ ஷாஃப்டின் ஆரம் 0.020 மீட்டரால் வகுத்தால் 18,400 நியூட்டன். கிட்டத்தட்ட 1.9 டன். இந்த எடை முழுவதும் கீயின் பக்கச் சுவரில் விழுகிறது. கியருக்குள் நிற்கும் உயரம் எவ்வளவு? 8 மி.மீ. உயரத்தில் 5 ஷாஃப்டுக்குள் போய்விட்டது. மிச்சம் 3.

நான் போட்டிருந்தது 50 நீளக் கீ, இரண்டு முனையும் உருண்டையானது. உருண்ட முனை பாரம் தாங்காது. நேரான நீளம் 50-லிருந்து அகலமான 12-ஐக் கழித்தால் 38 தான். 18,400-ஐ 3 × 38-ஆல் வகுத்தால் சதுர மி.மீ.க்கு 161 நியூட்டன். வெட்டுவிசைக்குப் பார்த்தால் 12 × 38-ஆல் வகுக்க 40 தான் வருகிறது. அதாவது கீ அறுந்து போகவே போகாது. நசுங்கித்தான் போகும். முதல் இரண்டு முறையும் அதுதான் நடந்தது. மூன்றாம் முறை கீ தாங்கியது, கீவே போனது.

ஈஎன்8 கீ, எஃகுக் கியர் என்றால் 110 நியூட்டன் வரை நான் போவேன். அதிர்ச்சி உள்ள வேலைக்கு இன்னும் குறைப்பேன். கியர் வார்ப்பிரும்பு என்றால் அதில் பாதி. பலவீனமான பொருளுக்குத்தான் கணக்கு: கீ எவ்வளவு நல்லதானாலும் வார்ப்பிரும்புச் சுவர் நசுங்கினால் முடிந்தது. கடைசியில் என் கியரின் ஹப்பை (ஷாஃப்டைச் சுற்றிப் பிடிக்கும் நடுப்பகுதியை) 50-லிருந்து 75 ஆக்கினேன், புது ஷாஃப்டில் கீவேயையும் அதற்கேற்ப நீட்டினேன், 70 நீளக் கீ போட்டேன். நேரான நீளம் 58, அழுத்தம் 106-க்கு இறங்கியது. அதன்பின் கீ மாற்றவில்லை.

கீயின் நீளம் ஹப்பைவிட 5 முதல் 10 மி.மீ. குறைவாக இருக்கட்டும். கடையில் கிடைக்கும் நீளங்கள் 40, 45, 50, 56, 63, 70, 80, 90, 100 என்று போகும், அதில் ஒன்றைப் பிடியுங்கள். நேரான நீளத்தை ஷாஃப்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் நீட்டிப் பெரிய பயன் இல்லை, ஷாஃப்டின் முறுக்கத்தால் பாரம் ஒரு முனையிலேயே குவியும். அதற்கும் போதவில்லை என்றால் ஷாஃப்டைப் பெரிதாக்குங்கள். எதிரெதிரே இரண்டு கீ போட்டால் இரண்டு மடங்கு தாங்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு பள்ளமும் ஒரே மாதிரி அமையாது, ஒன்றரை மடங்கு என்று கணக்கு வையுங்கள்.

5. இறுக்கம்

கீழே வரும் எச்9, என்9 போன்றவை, அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்று சொல்லும் குறியீடுகள். கீ பார் கடையில் வரும்போது அதன் அகலம் சின்ன எழுத்து எச்9-ல் இருக்கும். 12 அகலக் கீ என்றால் 12.000-லிருந்து 11.957-க்குள். இதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது. நீங்கள் தேர்ந்தெடுப்பது பள்ளத்தின் அகலத்தை.

ஒரே திசையில் சீராக ஓடும் கியருக்கு ஷாஃப்டில் என்9, கியரில் ஜேஎஸ்9. முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது, அடிக்கடி ஸ்டார்ட் ஆவது, அதிர்ச்சி உள்ளது என்றால் இரண்டிலும் பி9 (P9). 12 அகலத்துக்கு பி9 என்றால் பள்ளம் 11.939-லிருந்து 11.982 வரை, கீயைத் தட்டித்தான் இறக்க வேண்டும். கியர் ஷாஃப்டின் மேல் நகர வேண்டிய இடத்தில் மட்டும் ஷாஃப்டில் பெரிய எழுத்து எச்9, கியரில் டி10 (D10). மணல் கலக்கும் மெஷினுக்கு பி9 கேட்டிருக்க வேண்டும். நான் "12 ஸ்லாட்" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். 12.1 வந்தது. அந்தப் பத்தில் ஒரு பங்கு மி.மீ. ஆட்டம் ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சுத்தியலாக அடித்தது.

போர் லூஸாக இருந்தால் எந்தக் கீயும் நிற்காது, இதையும் சேர்த்துப் பாருங்கள். கியரை மையத்தில் பிடிப்பது போரின் வேலை. போர் பெரிய எழுத்து எச்7, ஷாஃப்ட் சின்ன எழுத்து கே6 என்பது பெரும்பாலும் சரிப்படும்.

6. பொருள்

ஈஎன்8, அல்லது அதற்கு நெருங்கிய சி45, இழுத்த பிரைட் பார். அதற்கு மேல் தேட வேண்டாம். கீ கொஞ்சம் பலம் குறைந்தவனாக இருப்பதே நல்லது. ஏதாவது சிக்கினால் முதலில் போக வேண்டியது கீ, ஷாஃப்டோ கியரோ இல்லை. எம்.எஸ். கருப்புப் பட்டையை ராவிச் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், அது நான்கு மூலையும் சதுரமாக வராது.

7. கியரில் சதை மிச்சம் இருக்கிறதா?

பல் குறைந்த சின்னக் கியரில், அதாவது பினியனில், இதைப் பார்க்காமல் ட்ராயிங் கொடுக்காதீர்கள். மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) 3, 18 பல் என்றால் பல்லடி விட்டம் 46.5, ஆரம் 23.25. போர் 28 என்றால் கீவே கூரை மையத்திலிருந்து 17.3-ல் நிற்கும். இடையில் மிஞ்சுவது 5.95 மி.மீ. மாட்யூலைப் போல் இரண்டரை மடங்காவது, இங்கே 7.5, இருக்க வேண்டும். இல்லையென்றால் கீவே மூலையிலிருந்து பல்லடிக்கு விரிசல் ஓடும். போரைக் குறையுங்கள், அல்லது ஷாஃப்டையும் பினியனையும் ஒரே துண்டாகச் செய்யுங்கள். எப்படியானாலும் கீவேயைப் பல்லின் நேர் கீழே போடச் சொல்லுங்கள், இரண்டு பல்லுக்கு நடுவில் வேண்டாம்.

8. வேலைக்கு அனுப்பும்போது கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

வாய்மொழியில் எதையும் அனுப்பாதீர்கள். அரைப் பக்க ட்ராயிங் போதும், கையால் போட்டாலும் சரி. அதில் இருக்க வேண்டியவை: போர் விட்டமும் அதன் எச்7-ம், கீவே அகலமும் அதன் ஜேஎஸ்9 அல்லது பி9-ம், 43.3 போன்ற எதிர்ச்சுவர் அளவு (அதற்கு கூடுதலாக 0.2 வரை போகலாம்), கீவே நீளம், எந்தப் பல்லோடு நேர்கோடு, அடி மூலையின் ரேடியஸ். 10 முதல் 18 வரை அகலக் கீவேக்கு அந்த ரேடியஸ் 0.25 முதல் 0.40. கூர்மையான மூலைதான் ஷாஃப்ட் விரிசலின் ஆரம்பம். கீயின் முனை உருண்டையா தட்டையா என்பதை வார்த்தையில் எழுதுங்கள். ஏ, பி, சி என்ற எழுத்துகளை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ள பட்டறை என்றால் கியரோடு டெலிவரி சலான் போக வேண்டும், "ஜாப் ஒர்க்" என்று குறிப்பிட்டு. திரும்பி வரும்போது வேலை பில்லில் சலான் எண் இருக்கிறதா பாருங்கள். ஷாஃப்டுக்குப் புது மெட்டீரியல் வாங்கினால் மெட்டீரியல் டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்கள். வாங்கியபின் கேட்டால் கிடைக்காது, ஆர்டர் போடும்போதே சொல்ல வேண்டும்.

கியரை ஹார்டனிங் செய்யப் போகிறீர்கள் என்றால் கீவே அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். மேல்தோல் கெட்டியாகி கேஸ் ஹார்டன் ஆன போரில், கீவே வெட்டும் ஸ்லாட்டிங் டூல் இறங்காது. பிறகு ஒயர் கட் (மின்பொறி பாயும் கம்பியால் வெட்டுவது) ஒன்றுதான் வழி, அது வெட்டும் பரப்பளவுக்குக் காசு.

9. செலவும் நாளும்

12 × 8 × 70 கீயின் எடை சுமார் 50 கிராம். அதன் விலை ஒரு பொருட்டே இல்லை. செலவு ஸ்லாட்டிங்கிலும் கழற்றிப் பூட்டுவதிலும் மெஷின் நிற்பதிலும் இருக்கிறது. கடைசியாக ஒரு 75 நீள ஹப்புக்கு ஸ்லாட்டிங் 400 ரூபாய் கொடுத்தேன். அகலம், நீளம் பார்த்து இது ஏறி இறங்கும். நான்கைந்து கியர் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்கு நன்றாகக் குறையும், ஏனென்றால் செட்டிங் நேரம் ஒன்றுதான். ஒரே அகலம் நிறைய வேண்டும் என்றால் ப்ரோச் (வரிசையாகப் பல் உள்ள நீளக் கருவியைத் துளைக்குள் செலுத்தி வெட்டுவது) போடுபவரைத் தேடுங்கள், அளவும் சுத்தமாக வரும்.

காலையில் கொடுத்தால் பெரும்பாலும் அன்றே வாங்கலாம். சனிக்கிழமை மட்டும் போகாதீர்கள். ஞாயிறு பராமரிப்புக்கு என்று எல்லா மில்லும் அன்றுதான் வரும், அவசரத்தில் 12.1 கிடைப்பது அன்றுதான். ஷாஃப்டும் புதிதாக வேண்டும் என்றால் டர்னிங், கீவே மில்லிங் சேர்த்து மூன்று நாள் வையுங்கள். தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் ஒரு வாரம்.

10. வாங்கும்போதும் பூட்டும்போதும்

ஸ்லாட்டிங் கடையிலேயே நின்று கீயை கியரில் விட்டுப் பாருங்கள். இதற்காகவே கீயை முதலில் வாங்கிக் கையோடு கொண்டு போக வேண்டும். பி9 கேட்டிருந்து கீ விரலில் தள்ளியதும் உள்ளே வழுக்கிப் போனால் வாங்காதீர்கள்.

பூட்டுவதற்கு முன் கீயின் நான்கு நீள ஓரங்களிலும் சாம்ஃபர் (ஓரத்தைச் சரிவாகச் சீவியது) இருக்கிறதா பாருங்கள். அது இல்லாவிட்டால் கீ அடி மூலை ரேடியஸில் ஏறி நிற்கும், முழுதாக அமராது. கீயை ஷாஃப்டில் பித்தளைத் தடி வைத்துத் தட்டி அமர்த்தியபின் மேல்பரப்பை எதிர்ப்பக்கத்தோடு அளங்கள். 40 ஷாஃப்டில் 43 வர வேண்டும். கியர் கூரை 43.3. ஆக மேலே 0.3 இடைவெளி. கியரை ஏற்றும்போது கீயின் தலை இடித்தால் கீயின் மேல்பக்கத்தை ராவலாம். பக்கச் சுவரில் அரம் படவே கூடாது.

பேரலல் கீ கியரை அச்சுவாட்டில் பிடிக்காது. முனைத் தட்டு, சர்கிளிப், அல்லது கீக்கு மேலே ஒரு கிரப் ஸ்க்ரூ வேண்டும்.

11. கீவே ஏற்கெனவே அகன்றிருந்தால்

வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி வெட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். ஈஎன்8 ஷாஃப்டில் அப்படிச் செய்தால் வெல்டு ஓரத்தில் கெட்டியாகி அங்கேயே உடையும். ஷாஃப்டும் கியரும் இரண்டும் தேய்ந்திருந்தால் இரண்டையும் அடுத்த அகலத்துக்கு, 12-லிருந்து 14-க்கு, விரித்துக்கொள்ளலாம். கீ 14 × 9 ஆகிவிடும், அதனால் ஆழங்களைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் ஸ்டெப் கீ: ஷாஃப்ட் பக்கம் 14, கியர் பக்கம் 12 என்று படி வைத்து மில்லிங் செய்வது. அவசரத்துக்கு நல்ல வழி, ஆனால் புது ஷாஃப்டுக்கும் அன்றே ஆர்டர் போட்டுவிடுங்கள்.

பூட்டி ஓட்டியபின் முதல் எட்டு மணி நேரம் கழித்து மெஷினை நிறுத்தி, மெயின் சுவிட்சை எடுத்துவிட்டு, கியரைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கீவே வாயில் செம்பழுப்புத் தூள் தெரிந்தால் உள்ளே கீ ஆடுகிறது. அப்போதே கழற்றுங்கள். அந்த நேரத்தில் கழற்றினால் கீ மட்டும்தான் போயிருக்கும்.